சொந்தக்காரர் நேரில் வரவேண்டும்

துறைமுகத்தில் அவளைப் பெட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உல்லாசக் கப்பலிலிருந்து இறங்குகிறவர்களின் பெட்டிகளையும், ஏறப்போகிறவர்களின் பெட்டிகளையும் பிரித்து அடுக்கும் பெரிய கூடத்துக்கு அவள்தான் மேற்பார்வையாளர். ஒவ்வொரு பெட்டிக்கும் கைப்பிடியில் ஒரு வண்ணச் சீட்டு கட்டியிருக்கும். பச்சை இங்கே, ஊதா அங்கே, சிவப்பு தூணுக்குப் பக்கத்தில். சீட்டைப் பார்த்துப் பெட்டியை வைப்பதில் அவளுடைய ஆட்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

சீட்டு கிழிந்துபோன பெட்டிகளுக்கு மட்டும் தனி மரியாதை. அவை கூடத்தின் நடுவில் இருக்கிற மேசைக்கு வரும். அந்த மேசைக்கு மேலே ஓர் அட்டை தொங்கும். பெட்டியக்காவே கைப்பட எழுதியது: ‘சீட்டில்லாத பெட்டிக்குச் சொந்தக்காரர் நேரில் வரவேண்டும்.’ வந்தால் மட்டும் போதாது. பெட்டியைத் திறந்தால் மேலாக என்ன இருக்கும் என்று முதலில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் திறப்பது, பார்ப்பது, பதிவேட்டில் கையெழுத்து எல்லாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அண்ணனுடைய பெட்டி என்று சொன்ன ஓர் ஆளை நம்பி ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் கொடுத்துவிட்டாள். உண்மையான சொந்தக்காரர் வந்து மூன்று மணி நேரம் அந்த மேசையில் தலையை வைத்து அழுதார். உள்ளே இருந்தது இறந்துபோன அம்மாவின் கடிதங்கள். அன்றைக்கு எழுதி மாட்டிய அட்டை அது. அதற்கப்புறம் கப்பல் தலைவரே ஆள் அனுப்பியும் அவள் மசிந்ததில்லை.

அவளுடைய வீட்டுக்காரரும் கப்பல்காரர்தான். ஒரு பெரிய கம்பெனியின் உல்லாசக் கப்பல்களில் ரொட்டி சுடுகிறவர். எட்டு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிவிட்டது என்று ஊர் சொல்லும். கூட்டிக் கழித்தால் சேர்ந்து இருந்தது பதினாலு மாதம். இதை அவள் யாரிடமும் சொல்லிப் புலம்பியதில்லை. ஆனால் வாரம் ஒருமுறை அவர் ஏதாவது ஒரு கரையிலிருந்து ஃபோனில் பேசும்போது, கடைசி இரண்டு நிமிஷம் அவளுக்குப் பேச்சே வராது. அவர்தான், “என்ன, லைன்ல இருக்கியா?” என்பார்.

அந்தக் கம்பெனி புதுசாக ஒரு கப்பல் கட்டியது. நாலாயிரம் பயணிகள். அவரை அதற்கு மாற்றியிருந்தார்கள். எந்தத் துறைமுகத்திலிருந்து அதை ஓட்டுவது என்பதுதான் முடிவாகவில்லை.

செய்தியைக் கொண்டுவந்தவள் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை, துறைமுகத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். மைக்கு என்று பெயரே வைத்துவிட்டார்கள். துறைமுகத்தில் ஒரு ரகசியம் உருவானால் மேனேஜருக்குத் தெரிவதற்கு அரை மணி முன்னால் மைக்குக்குத் தெரிந்துவிடும்.

“அண்ணி, கப்பலுக்கும் ஒரு வீடு வேணும்ல? வாராவாரம் சனிக்கிழமை கிளம்பி, ஊர் சுத்திட்டு, திரும்பி வந்து நிக்கிற இடம். அதுக்கு மூணு ஊரு போட்டி போடுது. அதுல நம்ம ஊரும் ஒண்ணு!”

பெட்டியக்கா தோசைக்கரண்டியோ வேறெதுவோ, கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். “நம்மளை எதுக்கு எடுப்பாங்க?”

மைக்கு விரலை மடக்கினாள். “ஒரு ஊர்ல கடல் நல்ல ஆழம். ஆனா விமான நிலையம் மூணு மணி நேரம் தள்ளி இருக்கு. நாலாயிரம் பேரு பெட்டியைத் தூக்கிட்டு எப்படி வந்து சேருவான்? இன்னொரு ஊர்ல விமான நிலையம், ஓட்டல் எல்லாம் கைக்கெட்டுற தூரம். ஆனா பாதி நாள் பேய்க்காத்து, கப்பல் உள்ள நுழையவே முடியாது. நமக்கு எதுலயும் முதல் மார்க் இல்ல அண்ணி. ஆனா எதுலயும் ஃபெயிலும் இல்ல. ராத்திரி கிளம்பினா விடியறதுக்குள்ள போய்ச் சேர்ற மாதிரி சுத்தி நாலு நல்ல ஊரு இருக்கு. கம்பெனியிலேர்ந்து பார்க்க ஆளு வருதாம். சனிக்கிழமை.”

அன்றைக்குப் பெட்டியக்கா கணக்குப் போட ஆரம்பித்தாள். புதுக் கப்பல் சனிக்கிழமை காலை ஆறுக்கு வரும், மாலை ஐந்துக்குக் கிளம்பும். பதினோரு மணி நேரம். எட்டு மாதத்தில் முப்பத்து நாலு சனிக்கிழமை. இப்போது இந்தத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி இறக்குவது ஒரே ஒரு கிழட்டுக் கப்பல்தான். அறுநூறு பேர் வருவார்கள், ஒன்பது மணிக்கெல்லாம் கூடம் காலியாகிவிடும். ஆக, ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தால் மாலை வரைக்கும் அவரோடு இருக்கலாம். சமையலறை மேசைக்கு இரண்டாவது நாற்காலி வாங்கினாள். படுக்கையறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்தாள். கப்பல் எந்த ஊர் என்று தீர்மானமாகும் முன்பே திரைச்சீலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பார்க்க வந்தவர் ஓர் அம்மாள். வெள்ளை வெளேரென்று கத்தரித்த முடி, கழுத்தில் தாலி மாதிரி ஒரு ஸ்டாப்வாட்ச். யாருக்கும் சொல்லாமல் அந்தக் கிழட்டுக் கப்பலிலேயே சாதாரணப் பயணியாக ஏறி வந்துவிட்டார். மேனேஜர் இருபது பூந்தொட்டிகளை வைத்துக்கொண்டு வேறொரு வாசலில் காத்திருந்தார்.

அன்றைக்குப் பார்த்து ஒரு பெட்டி சீட்டில்லாமல் வந்தது. கறுப்புப் பெட்டி. அதை மேசைக்குக் கொண்டுவந்து வைத்த ஐந்தாவது நிமிஷம், ஒரு டை கட்டிய ஆள் வந்து, “இது எங்க மேடத்தோடது, கொடுங்க” என்றார்.

“சொந்தக்காரங்க நேர்ல வரணும் சார்.”

“நான் அவங்க உதவியாளர்.”

“இருக்கட்டும் சார். அவங்க நேர்ல வரணும்.”

மேனேஜர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். “கொடுத்துத் தொலைம்மா! அது யாரு பெட்டின்னு தெரியுமா?”

“தெரியாது சார். சீட்டு இல்லையே.”

யாருடைய பெட்டி என்று அதற்குள் அவளுக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. இந்த அம்மாளுக்குக் கோபம் வந்தால் கப்பல் காற்றடிக்கிற ஊருக்குப் போய்விடும், கப்பலோடு அவரும் போய்விடுவார், முப்பத்து நாலு சனிக்கிழமையும் போய்விடும். கொடுத்துவிடு என்று மனசு கெஞ்சியது. வாய்தான் கேட்கமாட்டேன் என்றது. சாம்பல் நிறப் பெட்டிக்காரர் அழுத அழுகை அதற்கு இன்னும் மறக்கவில்லை.

ஸ்டாப்வாட்ச் அம்மா வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. “நான்தான் சொந்தக்காரி. என்ன செய்யணும்?”

“திறந்தா மேலாக என்ன இருக்கும்னு சொல்லணும்மா.”

அந்த அம்மாள் மேனேஜரைப் பார்த்தார், உதவியாளரைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, பெட்டியக்காவுக்கு மட்டும் கேட்கிற குரலில், “தலையணை” என்றார். “பழசு. ஒரு மூலை கிழிஞ்சு பச்சை நூல்ல தைச்சிருக்கும்.”

திறந்தாள். தலையணை இருந்தது. பச்சை நூலும் இருந்தது. பெட்டியக்கா சட்டென்று மூடியைத் தன் பக்கம் சாய்த்து, மற்றவர்கள் கண்ணில் படாமல் மறைத்தாள்.

“வருஷத்துல முந்நூறு நாள் வெளியூர்ல படுக்கறேன்” என்றார் அம்மாள். “தலையாவது வீட்டுல தூங்கட்டுமேன்னு.”

பெட்டியக்கா சிரிக்கவில்லை. பதிவேட்டைத் திருப்பிக் கையெழுத்து வாங்கினாள். அம்மாள் பேனாவை மூடிக்கொண்டே, “அறுநூறு பேருக்கு இந்தச் சட்டம் சரி. நாலாயிரம் பேர் வந்தா? எட்டாயிரம் பெட்டி இறங்கும், எட்டாயிரம் ஏறும். ஒரே நாள்ல” என்றார்.

“இடமும் ஆளும் கொடுங்கம்மா. ஒரு பெட்டி தப்பாது.”

“அவ்வளவு ஆசையா?”

கேட்டுவிட்டார். சொல்லாமல் எப்படி இருப்பது? “என் வீட்டுக்காரர் அந்தக் கப்பல்லதான் ரொட்டி சுடப்போறாரும்மா.”

“ஊரை எடுக்க நான் வச்சிருக்கற பட்டியல்ல அது இல்லையே.”

“எழுதிக்கச் சொல்லலம்மா. கேட்டீங்க, சொன்னேன்.”

இரண்டு மாதம் கம்பெனியிலிருந்து மூச்சே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சரக்குக் கப்பல் ஒன்றின் வருகையை அறிவித்துக்கொண்டிருந்த ஒலிபெருக்கி நடுவில் நின்றது. அடுத்த நொடி துறைமுகம் முழுக்க மைக்குவின் குரல்: “அண்ணி! நம்ம ஊருதான்! நம்ம ஊருதான் அண்ணி!” கிரேன்காரர் பாதியில் நிறுத்திக் கைதட்டினார். மைக்குவிடம் மேனேஜர் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். ‘மகிழ்ச்சி’ என்று ஒரே வார்த்தையில் அவள் விளக்கம் கொடுத்தாள். பெட்டியக்கா ஊதாப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

புதுக் கப்பல் வந்தது. பதினாலு மாடி. கூடத்தின் ஜன்னல்களில் வானத்துக்குப் பதில் வெள்ளைச் சுவர் தெரிந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் எங்கேயோ அவர் இருக்கிறார். வீட்டில் இரண்டு நாற்காலியையும் துடைத்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

மணி ஒன்பது ஆயிற்று. இறங்கிய பெட்டிகளில் பாதிகூடத் தீரவில்லை. பத்தரைக்குக் கடைசிப் பெட்டி போனது. பத்து நாற்பதுக்கு ஏறுகிறவர்களின் முதல் பேருந்து வந்து நின்றது. அதற்குப் பின்னால் எழுபது பேருந்து. பெட்டியக்கா தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லாமல் சுழன்றுகொண்டிருந்தபோது, பன்னிரண்டு பத்துக்கு ஃபோன் அடித்தது.

“எங்க இருக்கே?” வீட்டுக்காரர்.

“கூடத்துல. நீங்க எங்க இருக்கீங்க?”

“ஊழியர் வாசல்ல நிக்கறேன். வா, நாப்பது நிமிஷம் விட்டிருக்காங்க.”

“நாப்பது நிமிஷமா? பதினோரு மணி நேரம்ல கப்பல் நிக்குது?”

“கப்பல் நிக்கும். நான் நிக்க முடியுமா? புதுசா ஏறுற நாலாயிரம் பேருக்கும் ரொட்டி யாரு சுடுவா? நீ வா சீக்கிரம்.”

“நான் எப்படிங்க வர்றது? நாலாயிரம் பேரு பெட்டியும் என் தலையில இருக்கு. நீங்க வாங்க.”

“எனக்குக் கூடத்துக்குள்ள அனுமதி இல்லையே. உனக்கு ஒம்போது மணிக்கு முடிஞ்சிரும்னியே?”

“அது அறுநூறு பேரு கப்பலுக்கு! நீங்க சனிக்கிழமை வீட்டுக்கு வருவேன்னீங்களே?”

“நான் எப்ப சொன்னேன்? நீ வருவேன்னுல்ல நினைச்சேன்!”

“நீங்க வருவீங்கன்னுல்ல நான் நினைச்சேன்!”

இப்படியே நாற்பது நிமிஷமும் போயிற்று. ஐந்து மணிக்குக் கப்பல் ஊதிவிட்டுக் கிளம்பியது. ஆறு வருஷத்தில் அவர் இவ்வளவு பக்கத்தில் வந்ததும் இல்லை, இவ்வளவு பார்க்காமல் போனதும் இல்லை. பெட்டியக்கா வண்ணச் சீட்டுகள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இந்தமுறை சந்தோஷத்தில் இல்லை.

மைக்குவுக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை. “ரெண்டு பேரும் இந்தத் தொழில்ல பழம் தின்னு கொட்டை போட்டவங்க. கப்பல் வீட்டுக்கு வர்ற நாள்தான் ரெண்டு பேருக்கும் தலைக்கு மேல வேலைன்னு ரெண்டு பேருக்குமே தோணலையே! ஒருத்தர் வேலையை ஒருத்தர் லீவுன்னு நினைச்சிருக்கீங்க. எட்டாயிரம் பெட்டியை வாங்கிக்கறேன்னு நீங்களே வாயால கேட்டு வாங்கினீங்களே அண்ணி!”

“நீயும்தானே பக்கத்துல இருந்தே? உனக்குத் தோணிச்சா?”

மைக்கு வாயை மூடினாள். அபூர்வமான காட்சி.

இரண்டாவது சனிக்கிழமையும் அதே கதை. இந்தமுறை சண்டை போடவில்லை. ஸ்டாப்வாட்ச் அம்மாவின் தலையணைக் கதையை அவருக்குச் சொன்னாள். வேலை பார்த்துக்கொண்டே, ஃபோனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னாள். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. “என்ன, லைன்ல இருக்கீங்களா?” என்று அவள் கேட்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது சனிக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு, இறங்குகிற பெட்டிகளெல்லாம் தீர்ந்து வெகுநேரம் கழித்து, கப்பல் பக்கத்திலிருந்து பெட்டிகளைக் கொண்டுவரும் ஓடுபட்டையில் தன்னந்தனியாக ஒரு பெட்டி வந்தது. நீலப் பெட்டி. சீட்டு இல்லை. கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. கூட்டத்தில் தொலையாமல் இருக்கட்டும் என்று கல்யாணமான வருஷம் அவளே சுற்றிக் கொடுத்த நூல்.

பெட்டியக்கா அதைக் கையால் தூக்கிக்கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ரேடியோவை எடுத்தாள். “மைக்கு, ஒரு அறிவிப்பு. கப்பலுக்கும் சேர்த்து.”

மைக்குவின் குரல் பதினாலு மாடியிலும் கேட்டது: “நீல நிறப் பெட்டி ஒன்று சீட்டில்லாமல் கூடத்தில் இருக்கிறது. சொந்தக்காரர் உடனடியாக நேரில் வரவேண்டும். வேறு யாரும் வரவேண்டாம்.”

இது துறைமுகச் சட்டம். தலைமைச் சமையல்காரர் முணுமுணுத்தாராம். ஆனாலும் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். வீட்டுக்காரர் வந்தார். வெள்ளை உடுப்பு, காது மடலில் மாவு. மேசைக்கு எதிரில் வந்து விறைப்பாக நின்றார். தொட்டுவிடுகிற தூரம். ஆனால் சட்டம் சட்டம்தானே.

“மேலாக என்ன இருக்கும்?”

“தலையணை உறை. அழுக்கு” என்றார். “வீட்டுல துவைச்சுக் கொடுத்தா நல்லாருக்கும். தலையாவது வீட்டுல தூங்கட்டும்.”

அவள் பதிவேட்டை நிரப்ப எடுத்துக்கொண்ட நேரம் முப்பத்தெட்டு நிமிஷம். மேசை கூடத்தின் நடுவில் இருந்தது நல்லதாகப் போயிற்று. கண் பெட்டிகள்மேல் இருந்தது, காது அவர்மேல் இருந்தது, கை அவர் கைக்குள் இருந்தது. ஒரு பெட்டி தப்பவில்லை.

அதிலிருந்து வாராவாரம் நீலப் பெட்டி சொல்லி வைத்த மாதிரி தொலைந்தது. அழுக்கு உறை வரும், துவைத்து மடித்த உறை போகும். கூடத்து ஆட்கள் பன்னிரண்டு மணி ஆனால் தாங்களாகவே ஒரு நாற்காலியை மேசைக்கு எதிரில் போட்டுவிட்டு எதுவும் தெரியாத மாதிரி போவார்கள்.

ஒன்பதாவது சனிக்கிழமை, பெட்டியக்கா திரும்பிப் பார்த்தால் ஸ்டாப்வாட்ச் அம்மா மேசையருகில் நிற்கிறார். இந்தமுறையும் சொல்லாமல் வந்திருக்கிறார். கையில் பதிவேடு.

“எல்லாப் பெட்டிக்கும் நாலு நிமிஷம்” என்று பக்கத்தைப் புரட்டினார். “இந்த நீலப் பெட்டிக்கு மட்டும் முப்பத்தெட்டு. ஆறு வாரமா தொடர்ந்து தொலையுது. ஒரே சொந்தக்காரர். கப்பல் ஊழியர்.”

அவர் வேலை போகும், தன் வேலையும் போகும், எல்லாவற்றையும்விட அந்த முப்பத்தெட்டு நிமிஷம் போகும். பொய் சொல்லலாமா என்று பெட்டியக்கா ஒரு கணம் பார்த்தாள். வரவில்லை.

“என் வீட்டுக்காரர்மா. அன்னிக்குச் சொன்னேனே.”

“நேரமாச்சு. அறிவிப்பு செய்யலையா?”

மைக்கு அறிவித்தாள். அம்மாள் வந்திருப்பது தெரிந்துவிட்டதால் குரல் கீச்சென்று வந்தது. வீட்டுக்காரர் சிரித்த முகமாக ஓடிவந்தவர், அம்மாளைப் பார்த்ததும் அங்கேயே நின்றார்.

“வழக்கமா கேக்கறதைக் கேளுங்க” என்றார் அம்மாள்.

பெட்டியக்கா கேட்டாள். “மேலாக என்ன இருக்கும்?”

“தலையணை உறைங்க.”

“திறங்க.”

திறந்தாள். வெள்ளை உறை ஒன்று, மாவுத் தடத்தோடு, கசங்கிக் கிடந்தது. ஸ்டாப்வாட்ச் அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பட்டையில் பெட்டிகள் வந்துகொண்டிருந்தன, பச்சை பச்சையோடும் ஊதா ஊதாவோடும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. எதுவும் தேங்கவில்லை. அதையும் அவர் பார்த்தார்.

பிறகு பெட்டியின் மூடியைத் தன் கையாலேயே மூடினார். கழுத்திலிருந்த கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நான் போய் டீ குடிக்கணும்” என்றார். “மெதுவாத்தான் குடிப்பேன். நாப்பது நிமிஷம் ஆகும்.”

இரண்டடி போனவர் திரும்பி, “தலையணையையே வீட்டுலேர்ந்து கொடுத்தனுப்புங்க. உறை மட்டும் பத்தாது. எனக்குத் தெரியும்” என்றார்.

அவர் போனதும் வீட்டுக்காரர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “யாரு இது?”

“நம்ம ஊருக்குக் கப்பலைக் கொண்டுவந்தவங்க.”

“எதுக்காக நம்ம ஊரை எடுத்தாங்களாம்?”

“அவங்க பட்டியல் அவங்களுக்கு. எனக்கென்ன தெரியும்?” என்றாள் பெட்டியக்கா. கையை நீட்டி அவர் காதில் இருந்த மாவைத் துடைத்தாள். அப்புறம் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள். “முதல்ல இங்க கையெழுத்துப் போடுங்க.”